காதுக்குள் ஒரு லாரி

தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த நொடி தள்ளுவண்டிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. கையில் இருந்த தட்டு எங்கேயோ போய் விழுந்திருந்தது, துருவிய பீட்ரூட்டும் காரச் சட்னியும் துப்பட்டா முழுக்க. கடைக்காரர் குனிந்து பார்த்து, "ஏனுங்க, காசு கீது உழுந்துருச்சுங்களா?" என்றார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் தரையைத் துழாவுவது போல நடித்தேன். ரோட்டில் ஒரு லாரி ஏர் ஹாரன் அடித்துவிட்டுப் போயிருக்கிறது, விஷயம் அவ்வளவுதான். சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி ஹாரன் அடிக்கும் என்று எண்ணுவதற்கு ஆளே கிடையாது. நான் பிறந்து வளர்ந்த தெரு அது.

இது நடந்தது விபத்து முடிந்து ஐந்து மாதம் கழித்து. எலும்பு கூடிவிட்டது, கட்டுப் பிரித்தாயிற்று, செவ்வாய்ப்பேட்டைக் கடையில் கணக்கு எழுதும் வேலைக்கும் திரும்பப் போக ஆரம்பித்துவிட்டேன். எல்லோரும் "சரியாயிட்ட" என்று சொல்லிவிட்டார்கள், நானும் நம்பிவிட்டேன், காது மட்டும் நம்பவில்லை.

விபத்தைப் பற்றி ரொம்ப எழுதப் போவதில்லை. 2022 ஆவணியில் தருமபுரியில் ஒரு கல்யாணம், பெரியப்பா மகன் கார், திரும்பி வரும் வழியில் தொப்பூர் கணவாய். சேலத்துக்காரர்களுக்கு அந்தப் பெயரே போதும். மேலே இருந்து இறங்குகிற லாரிகளில் சிலது டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் போட்டு இறங்கும், பாதி இறக்கத்தில் பிரேக் பிடிக்காது, இரட்டைப் பாலத்துப் பக்கம் வந்து எதையாவது இடித்து நிற்கும், மறுநாள் பேப்பரில் படிப்போம். அந்த "எதையாவது" அன்றைக்கு நாங்களாக இருந்தோம். பின்னால் இருந்து ஹாரன் கேட்டது, விடாமல், நீளமாக. அந்த டிரைவர் பாவம், அந்த நேரத்தில் அவர் கையில் வேலை செய்தது அது ஒன்றுதான். எனக்கு இடது பக்கக் காறை எலும்பு முறிந்தது, அண்ணனுக்கு நெற்றியில் ஏழு தையல். யாரும் சாகவில்லை. சாகவில்லை என்பதாலேயே அதற்கு மேல் புலம்ப எனக்கு உரிமை இல்லை என்று ஆகிவிட்டது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, கும்பிட்டுட்டு வேலையப் பாரு" என்றார் பெரியம்மா. கும்பிட்டேன். வேலையையும் பார்த்தேன்.

ஆனால் குக்கர் விசில் அடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். புது பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தால் தாடை இறுகிப்போய், வெளியே வந்த பிறகும் வாயைத் திறக்க முடியாது. ராத்திரி பைபாஸில் போகிற வண்டி, எங்கள் வீட்டில் இருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும், அதன் உறுமல் தலையணைக்குள் இருந்து வருவது போல இருக்கும். இன்னொன்று நடந்தது, அதுதான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது: பையன் காலியான சிப்ஸ் பாக்கெட்டை ஊதி என் முதுகுக்குப் பின்னால் படீரென்று உடைத்தான், நான் திரும்பிய வேகத்தில் அவனை அறைந்துவிட்டேன். பத்து வயசுப் பையன். அவன் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையைப் பற்றியும் ரொம்ப எழுதப் போவதில்லை.

அதற்கு முன்னால் அத்தை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் மந்திரித்து விட்டார். "புள்ள பயந்து போயிருக்கு" என்று அத்தை சொன்னதை, உண்மையில் எனக்குக் கிடைத்த முதல் சரியான நோயறிதல் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். வேப்பிலையால் தலையில் இருந்து கால் வரைக்கும் தடவிக்கொண்டே அந்தப் பாட்டி ஏதோ முணுமுணுத்தார், ஒரே சுருதியில், மூச்சு முடிகிற வரைக்கும் இழுத்து. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மறுநாள் தூங்கவில்லை.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இருந்த டாக்டர் அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பி.டி.எஸ்.டி. என்றார். உயிருக்கு ஆபத்து வந்து போன பிறகும் உடம்பு அந்த ஆபத்துக்குள்ளேயே நின்றுவிடுவது. 1980இல்தான் இதற்கு ஒரு பெயர் வைத்து அமெரிக்க மனநலக் கையேட்டில் சேர்த்தார்கள், வியட்நாம் போரில் இருந்து திரும்பி வந்த சிப்பாய்களை வைத்து. போருக்குப் போகாமல் கல்யாண விருந்துக்குப் போய்விட்டு வந்தவர்களுக்கும் வரும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார், வாரம் ஒரு நாள் ஆலோசகரிடம் பேச வைத்தார். விபத்து நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக, பாதுகாப்பான ஓர் அறையில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிற முறை. அதுவும், கண்ணை இடமும் வலமும் அசைத்துக்கொண்டே நினைவைக் கையாளுகிற இ.எம்.டி.ஆர். முறையும்தான் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவை. இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே ஹெட்போன் கதை வரப்போகிறது, அதைப் படித்துவிட்டு யாரும் டாக்டரை விட்டுவிட்டு ஹெட்போன் வாங்க ஓடக் கூடாது. கனவு நின்றதற்குக் காரணம் அந்தப் பேச்சுதான். பணமும் செலவு இல்லை. எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14416க்கு அடிக்கலாம், டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, தமிழிலேயே பேசலாம்.

கனவு போய்விட்டது, காது போகவில்லை. நினைவைப் பற்றி இப்போது என்னால் அழாமல் பேச முடிந்தது, ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். மூளைக்குப் புரிந்ததை உடம்புக்கு யாராவது தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போதுதான் ஏற்காட்டில் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஓர் எஸ்டேட் வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்து ஆலோசனை கொடுத்துக்கொண்டிருந்தவர். பேரைக் கேட்டு எழுதாதீர்கள், அவர் இப்போது அங்கே இல்லை. நான் முதலில் மேடம் என்றேன், இரண்டாவது வாரத்திலேயே அக்கா ஆகிவிட்டார். அவர் வைத்திருந்ததுதான் சேஃப் அண்ட் சவுண்ட் புரோட்டோகால். ஐந்து மணி நேரப் பாட்டு, அதைக் கேட்டால் நரம்பு மண்டலம் அமைதியாகும். இப்படி ஒரு வரியில் சொன்னால் யூடியூபில் ஓடுகிற "432 ஹெர்ட்ஸ் அதிசய இசை" மாதிரியே இருக்கிறது இல்லையா, எனக்கும் அப்படித்தான் இருந்தது. கட்டணம் என் மாதச் சம்பளத்தில் கால் பங்கு. வீட்டுக்காரரிடம் பாதியைத்தான் சொன்னேன்.

சரி, அது என்ன என்று எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். ஸ்டீபன் போர்ஜஸ் என்று ஓர் அமெரிக்க ஆராய்ச்சியாளர், 1994இல் பாலிவேகல் கோட்பாடு என்று ஒன்றை முன்வைத்தார். மூளைத் தண்டில் இருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் என்று போகிற வேகஸ் நரம்பை மையமாக வைத்தது. நமக்குப் பத்திரமாக இருக்கிறது என்று தோன்றும்போது இதயத்துக்கு இந்த நரம்பு வழியாக ஒரு மெல்லிய பிரேக் விழுந்துகொண்டே இருக்கிறது, முகம், தொண்டை, காது ஆகியவற்றின் தசைகளும் அந்தப் பிரேக்கோடு சேர்ந்து வேலை செய்கின்றன, ஆபத்து என்றால் பிரேக் எடுபட்டுவிடும் என்பது அவர் கணக்கு. பிரேக் என்ற சொல் எனக்கு உடனே புரிந்தது, ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

காது இதில் எங்கே வருகிறது? நம் உடம்பின் எலும்புத் தசைகளிலேயே ஆகச் சின்னது நடுக்காதில்தான் இருக்கிறது. ஸ்டேபீடியஸ். ஆறு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். குதிரை ஏறுகிறவர் கால் வைக்கிற அங்கவடி மாதிரி ஒரு குட்டி எலும்பு உள்ளே இருக்கிறது, அதை இந்தத் தசை பிடித்து இழுக்கும். சத்தம் பெரிதாக வந்தால் இழுத்து எலும்பை விறைப்பாக்கிவிடும், அப்போது கீழ்ச்சுருதிச் சத்தங்கள், உறுமல், இரைச்சல் மாதிரியானவை, உள்ளே போவது குறையும். இது கோட்பாடு எல்லாம் இல்லை, காது டாக்டர்கள் தினமும் சோதிக்கிற விஷயம். எங்கள் சித்தப்பாவுக்கு முகவாதம் வந்து ஒரு பக்க வாய் கோணியிருந்தபோது, அந்தப் பக்கக் காதில் பாத்திரம் வைக்கிற சத்தம்கூட அறைகிற மாதிரி இருக்கிறது என்று கத்துவார், நாங்கள் நடிக்கிறார் என்று நினைத்தோம். முகத்துக்குப் போகிற அதே நரம்புதான் இந்தத் தசைக்கும் போகிறது. நரம்பு படுத்தால் தசையும் படுத்துவிடும். சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்க இப்போது அவர் இல்லை.

போர்ஜஸ் இதற்கு மேல் ஒரு படி போகிறார். பயத்தில் இருக்கிற உடம்பு இந்தத் தசைகளைத் தளர்த்திவிடுகிறது, மிருகத்தின் உறுமல் மாதிரி கீழ்ச்சுருதியைக் காது தேட ஆரம்பிக்கிறது, பக்கத்தில் நின்று பேசுகிற மனிதக் குரல் பின்னால் போய்விடுகிறது என்கிறார். ஆகவே பாட்டை எடுத்து, குரல் இருக்கிற சுருதிப் பகுதியை மட்டும் முன்னால் கொண்டு வந்து, அதையும் விரித்தும் சுருக்கியும் கேட்க வைத்தால், தசைக்கு உடற்பயிற்சி கொடுத்த மாதிரி ஆகும், குரலைக் கேட்கக் காது திரும்பப் பழகும், அதன் வழியாக உடம்புக்குப் பத்திரம் என்று செய்தி போகும், அதற்காக அவர் உருவாக்கியதுதான் இந்தப் புரோட்டோகால். பாட்டை வடிகட்டிக் காதுக்குக் கொடுப்பது அவருக்கு முன்னாலேயே இருந்தது. பிரான்ஸில் ஆல்பிரட் டொமாட்டிஸ் என்ற காது மூக்குத் தொண்டை டாக்டர் பாடகர்களை வைத்து அந்த வேலையை ஆரம்பித்தவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ். அடிவாரம் தாண்டினதும் கொண்டை ஊசி வளைவு ஒன்று, இரண்டு என்று போர்டு வரும், மொத்தம் இருபது. ஏதோ ஒரு வளைவில் காது அடைக்கும், பையன் கூட வந்தால் "எச்சில் முழுங்குடா" என்பேன், டப்பென்று திறக்கும். போகிற வழியிலேயே நடுக்காதுப் பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஹாரன் அடிப்பார், அடிக்காமல் அங்கே ஓட்ட முடியாது, ஒவ்வொன்றுக்கும் என் தோள் காதுவரை ஏறி இறங்கும். அமைதி சிகிச்சைக்குப் போகிற வழியிலேயே இருபது முறை செத்துப் பிழைத்துவிட்டுத்தான் போய்ச் சேர்வேன்.

அறை சின்னது. ஜன்னலுக்கு வெளியே காபிச் செடி, அதற்கு மேல் சில்வர் ஓக்கு, அதில் மிளகுக் கொடி. காதை முழுக்க மூடுகிற ஒயர் வைத்த ஹெட்போன், வெளிச்சத்தத்தை அடைக்கிற வசதி இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும், அது பாட்டில் செய்திருக்கிற வேலையைக் கெடுத்துவிடும் என்றார் அக்கா. பாட்டு கேட்கும்போது போன் பார்க்கக் கூடாது, புத்தகம் கூடாது, கையால் ஏதாவது செய்யலாம், படம் வரையலாம், நூல் பின்னலாம். எனக்குப் படம் வராது. இரண்டாவது வாரம் வீட்டில் இருந்து அரைக் கிலோ பூண்டு எடுத்துக்கொண்டு போனேன். உரித்தேன். அந்த அறை அன்றைக்கு முழுக்கப் பூண்டு வாசனை, அடுத்து வந்தவர் என்ன நினைத்தாரோ.

பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இல்லை. இங்கிலீஷ் பாட்டுகள், பெண் குரல்கள், ஆனால் கீழ்க்கட்டையே இல்லாமல், சின்ன வயதில் ரேடியோவில் இலங்கை ஸ்டேஷன் பிடிக்கும்போது குரல் கிட்ட வந்து வந்து எட்டப் போகுமே, அந்த மாதிரி. முதல் நாள் ஐந்து நிமிடம், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது நாள் எட்டு நிமிடம், கொட்டாவியாக வந்தது. மூன்றாவது நாள் பத்து நிமிடம் போகலாம் என்று வைத்தோம். ஆறாவது நிமிடத்தில் பூண்டு உரிக்கிற கை நின்றுவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. இடது தோளில், அந்த முறிந்த இடத்தில், சூடாக ஏதோ ஊற்றின மாதிரி இருந்தது, காரணமே இல்லாமல் கோபம், யார் மேல் என்று தெரியாத கோபம். அக்கா ஹெட்போன் ஒயருக்கு மேலே கையை வைத்து, "உங்க கால் விரல் மடங்குது, பாத்தீங்களா? நிறுத்திக்கலாமா?" என்றார். குனிந்து பார்த்தேன். பத்து விரலும் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தன, காரில் இல்லாத பிரேக்கை மிதிக்கிற மாதிரி.

அதற்குப் பிறகு நான்கு நிமிடம், நான்கு நிமிடமாகத்தான் போனோம். முதலில் இந்த முறையை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ஐந்து நாளில் முடித்துவிடுவார்களாம். அதிர்ச்சி பட்டவர்களுக்கு அந்த வேகம் ஒத்துவராது என்று பிறகு குறைத்துக்கொண்டார்கள். எனக்கு ஐந்து மணி நேரம் முடிய ஐந்து மாதம் ஆயிற்று, மாசிக் குளிரில் ஆரம்பித்தது, நடுவில் காபி பூத்து மலையே மல்லிகை மாதிரி மணந்த ஒரு வாரம் வந்தது, அப்புறம் மே மாதக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்க இடம் இல்லாமல் இரண்டு வாரம் போகவே இல்லை.

மாறியதா? மாறியது. ஆறாவது வாரத்தில் கடையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும்போது எனக்கு வேண்டிய ஆள் பேசுவது மட்டும் தனியாகக் கேட்டது, பல மாதமாக அப்படிக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலில் பம்பை அடிக்கும்போது பத்து நிமிடம் நின்றேன். பதினொன்றாவது நிமிடம் வந்துவிட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாட்டால்தான் மாறியதா? இங்கேதான் எனக்கும் அக்காவுக்கும் செல்லமாக ஒரு சண்டை, இன்னும் முடியவில்லை. கணக்கு எழுதுகிறவள் நான், வரவு எந்தத் தலைப்பில் என்று தெரியாமல் பேரேட்டில் ஏற்ற மாட்டேன். அதே ஐந்து மாதத்தில் மாத்திரை இருந்தது, டாக்டர் இருந்தார், வாரம் ஒரு நாள் அடுப்படியை விட்டு மலைக்குப் போய்க் குளிர்காற்றில் உட்கார்ந்தேன், எல்லாவற்றுக்கும் மேலாக, என் கால் விரல் மடங்குவதைக் கவனித்துச் சொல்ல ஒரு மனுஷி எதிரே இருந்தார். இதில் எதை எடுத்துவிட்டால் கணக்கு உதைக்கும்? இந்த முறைக்கு அதிர்ச்சி பட்டவர்களிடம் ஒரு குழுவுக்குக் கொடுத்து ஒரு குழுவுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்த்த நல்ல ஆய்வுகள் ரொம்பக் குறைவு. போர்ஜஸ் 2014இல் வெளியிட்டது ஆட்டிசக் குழந்தைகளுக்குச் சத்தம் தாங்க முடியாமல் போவதைப் பற்றியது. அவர் கோட்பாட்டின் பரிணாமக் கதையையும் உடலியக்கவியலாளர்கள் சிலர் ஒத்துக்கொள்வதில்லை. மூச்சோடு இதயம் ஏறி இறங்குகிற அந்த நுணுக்கமான இணைப்பு பாலூட்டிகளுக்கே உரியது என்று அவர் கட்டினார், நுரையீரல் மீனிடமே அது இருக்கிறது என்று 2018இல் காட்டிவிட்டார்கள். இதை அக்காவிடம் சொன்னேன். "மீனுக்கும் பயம் போகட்டுமே, உங்களுக்கென்ன?" என்றார்.

எனக்குப் பிடித்த ஆய்வு வேறு ஒன்று. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டியும் கூட இருந்தவர்களும் 2006இல் வெளியிட்டது. இருபத்து நான்கு பேர், பாதிப் பேர் இசைக் கலைஞர்கள், ஆறு வகை இசை, நம் ராகமும் அதில் உண்டு. வேகமான தாளத்துக்கு மூச்சும் ரத்த அழுத்தமும் ஏறின. ஆனால் நடுவில் இரண்டு நிமிடம் பாட்டை நிறுத்தி வைத்தார்கள் பாருங்கள், அந்த இரண்டு நிமிடத்தில்தான் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும், பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் இருந்ததைவிடவும் கீழே இறங்கின. பாட்டுக்குப் பிறகு வருகிற நிறுத்தம். இதை எங்கேயோ எனக்கு ஏற்கெனவே தெரியுமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சும்மா கேட்டார், "உங்களுக்கு நிம்மதியா இருக்கற சத்தம் எது?" அருவி, குருவி, மழை என்று எதிர்பார்த்திருப்பார், வெளியே வேறு ஏதோ ஒரு குருவி சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தது. யோசிக்காமல் "தறி" என்றேன்.

அப்பா குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்கிறவர், இப்போதும் நெய்கிறார், கண் தெரிகிற வரைக்கும் என்கிறார். என் தூளி தறிக்கு இரண்டடி தள்ளி, அதே உத்தரத்தில் கட்டியிருந்தது. மிதியை மிதித்தால் குழிக்குள் தொப்பென்று ஒரு சத்தம், அது தரை வழியாக வரும். குறுக்கு நூலைக் கொண்டு போகிற நாடா அந்தப் பக்கம் போய் முட்டுகிற சத்தம், பலகை வந்து அந்த நூலை, ஊடையை, அடிக்கிற தடக். பகல் முழுக்க, ராத்திரி எட்டு மணி வரைக்கும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அதுதான். போர்ஜஸ் கணக்குப்படி பார்த்தால் இது உறுமல் ஜாதி, தரையதிர வருகிற கீழ்ச்சுருதி, குழந்தையைப் பயமுறுத்த வேண்டிய சத்தம். நாங்கள் அதில்தான் தூங்கினோம். தறி நின்றால்தான் தூளியில் அழுகை வரும். 2020 ஊரடங்கில் பாவு நூல் வராமல் தெருவே நின்றுபோனபோது அப்பா இரண்டு வாரம் தூங்கவில்லை, "காதுக்குள்ள காத்து அடைச்ச மாதிரி இருக்குது கண்ணு" என்றார். விபத்து முடிந்த முதல் மாதம் தோளில் கட்டோடு நான் அம்மா வீட்டில் படுத்திருந்தேன், அப்போது மட்டும் நன்றாகத் தூங்கினேன், அம்மா சமையல், அம்மா கவனிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. படுத்திருந்தது தறிக்குழிக்குப் பக்கத்தில் என்பது அக்கா கேட்கும்வரை எனக்கு நினைவுக்கே வரவில்லை.

ஆக எனக்குத் தோன்றுவது இதுதான். சுருதியில் மட்டும் இல்லை பயம். லாரியும் கீழ்ச்சுருதி, தறியும் கீழ்ச்சுருதி. ஒன்று என்னைத் தள்ளுவண்டிக்கு அடியில் உட்கார வைக்கிறது, இன்னொன்று தூங்க வைக்கிறது. காது எந்தச் சத்தத்தோடு யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கேட்கிறது. தாலாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆராரோ என்று மூச்சு தீர இழுக்கும்போது பாடுகிறவளின் இதயமும் நிதானமாகிறது, வெளிமூச்சில் துடிப்பு குறையும், அது உடலியல், ஆனால் அதே தாலாட்டை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் போனால் எந்தக் குழந்தை தூங்குகிறது? உடனே "நம் முன்னோர் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள், எங்கள் முன்னோர் கண்டுபிடித்தது வேட்டி நெய்ய, குழந்தை தூங்கியது கூலியில் சேராது. தறி எல்லோருக்கும் மருந்தும் இல்லை. போனில் பதிவு செய்து அக்காவுக்கு அதே ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடத்தில் கழற்றிவிட்டார். "தலைய வலிக்குதுங்க. இதுலயா தூங்குனீங்க?"

வடிகட்டிய பாட்டு வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அது எனக்கு ஒரு காரியம் செய்தது என்றுதான் இன்னும் நினைக்கிறேன்: பயமுறுத்துகிற அளவுக்குக் கொஞ்சம் விநோதமான சத்தம், நான்கே நிமிடம், நிறுத்த ஒரு ஆள். நான்கு நிமிடம் வரும், போகும், ஒன்றும் ஆகாது. அதை எழுபது சொச்சம் தடவை செய்தோம். இதைச் செய்ய அந்தப் பாட்டுதான் வேண்டுமா, அந்த விலைதான் வேண்டுமா என்பது வேறு கணக்கு. யாராவது உங்களிடம் ஹெட்போனை மட்டும் கொடுத்து, "வீட்டில் போய்க் கேளுங்கள், ஐந்து நாளில் சரியாகிவிடும்" என்று காசு கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். மூன்றாவது நாள் அந்த அறையில் நான் தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பையன் மறுபடி ஒரு அறை வாங்கியிருப்பான்.

அவன் இப்போது சிப்ஸ் பாக்கெட் உடைப்பதற்கு முன்னால் "அம்மா, உடைக்கறேன்" என்று சொல்லிவிட்டு உடைக்கிறான். உடைக்காமல் இருக்க மாட்டான். சொல்லிவிட்டு வருகிற சத்தம் அவ்வளவு கெடுதல் இல்லை.

தருமபுரிக்கு இன்னும் ரயிலில்தான் போகிறேன். தொப்பூர் வழியாகக் காரில் வர அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், அடுத்த கல்யாணத்துக்குப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஏற்காட்டு பஸ்ஸில் மட்டும் பழகிவிட்டது. ஜன்னல் சீட்டில் ஒரு காதில் மட்டும் போனை மாட்டிக்கொள்வேன், இன்னொரு காது டிரைவருக்கு. அப்பா தறி பதிவு பதினெட்டு நிமிடம் இருக்கிறது, நிமிடத்துக்கு ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல் அடி, எண்ணியிருக்கிறேன். ஹாரன் அடிக்கும், தோள் கொஞ்சம் ஏறும், இறங்கும், தறி ஓடிக்கொண்டே இருக்கும். பதினொன்றாவது நிமிடத்தில் தார், நாடாவுக்குள் இருக்கிற நூல் சுற்றிய குழல், தீர்ந்து தறி நிற்கும். ஒன்றும் இருக்காது. அப்பா தொண்டையைச் செருமுவார். அம்மா தூரத்தில் இருந்து, "சோறு ஆறிப்போச்சு" என்பாள். "இந்தத் தார் ஓடட்டும்" என்பார் அப்பா. அப்புறம் தொப், தடக்.